புதுப்பிப்பு: மேக்புக் ஏர் வேணாம்னு முடிவு பண்ணி ஃபிரேம்வொர்க் 13 வாங்கிட்டேன்

போன மாசம் கேட்டிருந்தேன்ல, எந்த லேப்டாப் வாங்கலாம், மேக்புக் ஏரா, சர்ஃபேஸ் லேப்டாப்பா, இல்ல பார்ட்ட நாமளே கழட்டி மாத்திக்கற ஃபிரேம்வொர்க்கானு? பாதி பேரு ஏர்னு சொன்னீங்க, அதுல பேட்டரி ரொம்ப நேரம் நிக்கும்னு நீங்க சொன்னது சரிதான், அத ஒத்துக்கறேன். ஆனா ஏர்ல ரேம் (மெமரி) ப்ராசசர் சிப்போடயே வருது, எஸ்எஸ்டியும் (ஃபைல் எல்லாம் சேமிக்கிற டிரைவ்) மாத்த முடியாது, வாங்குற அன்னைக்கு எடுக்குறதுதான் கடைசி வரைக்கும். சர்ஃபேஸ்லயும் எஸ்எஸ்டி மட்டும் மாத்தலாம், ரேம் போர்டுலயே சால்டர் பண்ணி ஒட்டினதுதான்.

அதான் ஃபிரேம்வொர்க், ஏஎம்டியோட ரைசன் ஏஐ 300 ப்ராசசர் இருக்குற மெயின் போர்டு, டிஐஒய் (நாமளே பூட்டிக்கற) எடிஷன். ரேம், எஸ்எஸ்டி, விண்டோஸ் எல்லாம் நாமளே போட்டுக்கணும். கீழ அஞ்சு ஸ்க்ரூ, லூஸ் பண்ணாலும் கழண்டு விழாது, கீபோர்டு பக்கம் காந்தத்துல ஒட்டியிருக்கு, தூக்குனா உள்ள ஒவ்வொரு பார்ட்டுலயும் க்யூஆர் கோடு. ஸ்க்ரூடிரைவர் கூட டப்பாலயே இருந்துச்சு!

முதல் தடவ ஆன் பண்ணதும் ஸ்க்ரீன் கருப்பாவே நிக்குது, ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், எனக்கு வேர்த்துடுச்சு, ரேம தப்பா சொருகிட்டேன்னு நினச்சு திரும்ப கழட்டப் போயிட்டேன், அப்புறம்தான் தெரிஞ்சுது டிடிஆர்5 வகை ரேம முதல் தடவ ட்ரெய்ன் பண்ண, அதாவது போர்டோட ஒத்துப்போற மாதிரி செட் பண்ண, அவ்ளோ நேரம் எடுக்கும்னு. புதுசா போடுறவங்க பொறுமையா ஒரு காபி குடிச்சுட்டு வாங்க.

போர்ட்டு கேட்டவங்களுக்கு: நாலு ஸ்லாட்டு, வேணுங்கற போர்ட்ட சொருகிக்கலாம், நான் ரெண்டு டைப்-சி, ஒரு டைப்-ஏ, ஒரு எச்டிஎம்ஐ போட்டிருக்கேன். 2021ல வந்த முதல் மாடல் பாடிலயே இந்த புது போர்டு உக்காரும், எனக்கு அதுதான் முக்கியமா பட்டுச்சு. விலை? ஏர விட கம்மினு சொல்ல மாட்டேன். வீட்ல இன்னும் கேக்கல, கேட்டா அடுத்த அப்டேட் போடறேன்.