பழைய சிறுவர் இதழ்களின் வாசகர் பக்கங்கள் தேவை

அனைவருக்கும் வணக்கம். சிறுவர் இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். ஆர்வி ஆசிரியராக இருந்த 'கண்ணன்' இதழும், அழ. வள்ளியப்பா ஆசிரியராக இருந்த காலத்துக் 'கோகுலம்' இதழும் குழந்தைகளை வாசகர்களாக மட்டும் நிறுத்தாமல் எழுதவும் தூண்டிய விதம் பற்றி ஓர் இயல் எழுத வேண்டியுள்ளது. நான் பார்த்த நூலகத் தொகுப்புகளில் கதைகள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் பைண்டு செய்தபோது அட்டைகளையும், அவற்றோடு பல இடங்களில் வாசகர் கடிதப் பக்கங்களையும் நீக்கிவிட்டார்கள். தேர்ந்த எழுத்தாளரின் கதையைவிட, பள்ளிச் சிறுமி ஒருத்தி ஆசிரியருக்கு எழுதிய நான்கு வரிக் கடிதமே எனக்கு அதிகம் பயன்படும் என்றால் சிலர் சிரிக்கக்கூடும். என் நெறியாளரும் முதலில் சிரிக்கத்தான் செய்தார்.

உதவித்தொகையில் காலம் தள்ளும் மாணவி என்பதால், பழைய இதழ்களுக்கு வியாபாரிகள் சொல்லும் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் இவ்விதழ்கள் இருந்தால், அவற்றைத் தர வேண்டியதில்லை. கடிதம், புதிர், போட்டி முடிவு ஆகிய பக்கங்களை, வெளியான மாதமும் ஆண்டும் தெரியுமாறு கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால் போதும். சிறுவயதில் இவற்றுக்கு எழுதியவர்கள் இங்கே இருந்தால், அச்சில் வராமல் போன கடிதமே ஆயினும், அதைப் பற்றி என்னிடம் பேச இயலுமா என்று தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.