லாரியில் வரும் டீசல் குறைகிறது: மறு அளவீட்டுக்கு யாரை அணுகுவது?

நண்பர்களே, பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பங்க் இருக்கிறது. ஜூன் மாதத்திலிருந்து 12,000 லிட்டர் லாரி ஒன்று கொண்டுவரும் டீசலில் ஒவ்வொரு லோடிலும் 90 லிட்டர் அளவுக்குக் குறைகிறது. மற்ற லாரிகளில் இப்படி இல்லை.

முதலில் எங்கள் பக்கமே சந்தேகப்பட்டேன். 5 லிட்டர் அளவையில் ஊற்றிப் பார்த்தால் எல்லா நாசிலும் அனுமதிக்கப்பட்ட 25 மில்லி வித்தியாசத்துக்குள்தான் இருக்கிறது. நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இல்லை. லாரியின் சீல் உடையவில்லை. இறக்கியபின் டீசல் அடங்கும்வரை காத்திருந்துதான் டிப் ராடு (தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கம்பி) போடுகிறோம்.

அப்புறம் வெப்பநிலை. 34 டிகிரியில் ஏற்றியது இங்கே 29 டிகிரியில் வருகிறது. ஒரு டிகிரிக்கு டீசல் சுமார் 0.08 சதவீதம் சுருங்கும். அப்படிப் பார்த்தால் 50 லிட்டருக்குக் கணக்கு வந்துவிடுகிறது. மீதி 40 லிட்டர்தான் புரியவில்லை. லாரியின் அளவுச் சான்றிதழ் காலாவதியாகவில்லை, ஆனாலும் அதன் தொட்டியில் ஒரு அறை நசுங்கிக் கொள்ளளவு குறைந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். டிரைவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, ஆதாரமும் இல்லை. ஏற்றிய டெப்போவில் சொன்னால் "வெப்பநிலைதான்" என்று முடித்துவிடுகிறார்கள்.

இந்த லாரித் தொட்டியை வெளி மாநிலத்தில்தான் அளவு சரிபார்த்து முத்திரையிட்டிருக்கிறார்கள். அதை மறு அளவீடு செய்யச் சொல்லி, இங்குள்ள லீகல் மெட்ராலஜி (எடை, அளவுகளைச் சரிபார்க்கும் அரசுத் துறை) அலுவலகத்தில் மனு கொடுத்தால் எடுப்பார்களா, முத்திரையிட்ட மாநிலத்துக்குத்தான் போக வேண்டுமா?