பழைய கட்டடங்களைக் குழுவாக நடந்து பார்க்க: 2 மணி நேரம் போதுமா?

தெருமுனை:
25 பேர் வருகிறார்கள். நகரின் பழைய பகுதியில் 12 கட்டடங்கள், 3 கிலோமீட்டர், 2 மணி நேரம் என்று வழி போட்டிருக்கிறேன். வரலாற்றுக் குறிப்புகள் தயார், விளக்கம் சொல்வது நான்தான். நேரம் போதுமா? வேறு எங்கே இடறும்?

கடைசிஆள்:
போதாது. கூட்டமாக நடந்தால் மணிக்கு 3 கிலோமீட்டரைத் தாண்டாது, நடைக்கே 60 நிமிடம். கட்டடத்துக்கு 7 நிமிடம் பேசினால் 84. பின்னால் வருபவர் வந்து சேர ஒவ்வொரு இடத்திலும் 2 நிமிடம் காத்திருந்தால் 24. ஆக 168 நிமிடம். 7 கட்டடம், 2 கிலோமீட்டர் என்று சுருக்கினால் 103 நிமிடத்தில் அடங்கும். மிச்சம் 17 நிமிடம் தாமதமாக வருபவர்களுக்கும் கழிப்பறைக்கும் போய்விடும்.

நீங்கள் யோசிக்காத இடம் சாலையைக் கடப்பது. இருவர் இருவராக வந்தாலும் 25 பேர் என்றால் 13 வரிசை, ஏறக்குறைய 13 மீட்டர் நீளம். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் 10 மீட்டர் சாலையை எல்லோரும் கடந்து முடிக்க 23 நொடி. பச்சை விளக்கு 15 நொடிதான் எரியும் என்றால் குழு நடுவில் அறுந்துவிடும். கடந்ததும் அங்கேயே நிற்காமல் பத்தடி தள்ளிப் போய் நில்லுங்கள், பின்னால் வருபவர்களுக்கு நடைபாதையில் ஏற இடம் வேண்டும். பளிச்சென்ற சட்டையில் ஒருவரைக் கடைசியில் நடக்கவிடுங்கள். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.

காரைவீடு:
நேரக் கணக்கு சரி. அதைவிட முக்கியம் எங்கே நிறுத்திக் காட்டுகிறீர்கள் என்பது. கட்டடத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளி நின்றால் உச்சியைப் பார்க்கக் கண் சுமார் 45 டிகிரி ஏற வேண்டும், கழுத்து வலிக்கும். இரண்டு மடங்கு தள்ளினால் 27 டிகிரிதான், முகப்பு முழுசாகக் கண்ணுக்குள் வரும். 15 மீட்டர் கட்டடத்துக்கு 30 மீட்டர். 8 மீட்டர் சந்தில் அது நடக்காது. அங்கே முழு முகப்பைக் காட்டும் ஆசையை விட்டுவிட்டு ஒரு வாசல், ஒரு ஜன்னல் வளைவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெயில் உங்கள் முகத்தில் அடிக்கட்டும், கேட்பவர்கள் முதுகில் விழட்டும். கிழக்கு பார்த்த முகப்பு காலையில், மேற்கு பார்த்தது மாலையில். வெளிச்சம் சுவரோடு சாய்ந்து விழும் நேரத்தில்தான் புடைப்பு வேலை எடுப்பாகத் தெரியும். வழியின் திசையை இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

செங்கல்மேல்கண்:
வரலாற்றுக் குறிப்பைக் குறைத்துச் சுவரைக் காட்டுங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல் வரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வரிசை முழுக்க நீளப்பக்கம், அடுத்தது முழுக்கத் தலைப்பக்கம் (செங்கலின் குறுகிய முனை) என்றால் இங்கிலீஷ் பாண்டு என்ற அடுக்குமுறை. ஒரே வரிசையில் இரண்டும் மாறி மாறி வந்தால் பிளெமிஷ் பாண்டு. தலைப்பக்கம் தெரியும் கல் சுவரின் உள்பக்கம்வரை போய்க் கட்டிப் பிடிக்கிறது. தலைப்பக்கமே இல்லையென்றால் அது உள்சுவரை மூடிய வெறும் போர்வையாக இருக்கலாம்.

அடுத்தது செங்கல்களுக்கு நடுவே பூசிய சிமென்ட் ஒட்டு. போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை கிடைத்தது 1824இல். அதற்கு முந்தைய சுவரில் சாம்பல் நிற சிமென்ட் ஒட்டு இருந்தால் பின்னாளில் யாரோ பூசியது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் எளிதில் விடாது. வழி அடைபட்ட ஈரம் பக்கத்துச் செங்கல் வழியாக வெளியேறும். கூடவே வந்த உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி முகத்தைச் செதில் செதிலாகத் தள்ளும். ஒட்டு அப்படியே இருக்க, சுற்றியுள்ள செங்கல் மட்டும் குழிந்து கிடப்பது அதனால்தான். இதைப் பார்த்தவுடன் யாராவது சாவியால் சுரண்டப் போவார்கள், முன்கூட்டியே தடுத்துவிடுங்கள்.

சின்னக் காந்தம் ஒன்று எடுத்துப் போங்கள். கல் மாதிரி வண்ணமடித்த தூணில் ஒட்டினால் அது இரும்பு, பெரும்பாலும் வார்ப்பிரும்பு. பெரியவர்கள்கூட வரிசையில் நிற்பார்கள்!

தெருமுனை:
7ஆகக் குறைத்துவிட்டேன். தோளில் மாட்டும் ஸ்பீக்கர் வைத்துக்கொண்டால் 25 பேரையும் ஒரே குழுவாக அழைத்துப் போகலாமா?

கடைசிஆள்:
அகலமான இடத்தில் சரி.

காரைவீடு:
ஒத்துக்கொள்ள மாட்டேன். சந்தில் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பும் ஒலி சொற்களைக் குழப்பும், மேலே குடியிருப்பவர்களும் ஜன்னலைத் திறந்து கத்துவார்கள். விளக்கம் சொல்ல இன்னொருவரைப் பிடித்து 13, 12 என்று பிரித்து, வழியின் இரண்டு முனைகளிலிருந்தும் தொடங்குங்கள். நடுக் கட்டடத்தில் மட்டும் இரண்டும் முட்டிக்கொள்ளும், அங்கே யார் முதலில் என்று பேசி வையுங்கள்.

இன்னொன்று, உள்ளே போகும் அனுமதியை எழுத்தில் வாங்கி அச்செடுத்துக் கொண்டு போங்கள். விடுமுறை நாளில் வாசலில் இருப்பது வேறு காவலாளி. ஒத்திகை நடையையும் அதே கிழமை, அதே மணிக்கு வையுங்கள். புதன்கிழமை காலியாகக் கிடந்த நடைபாதையை ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும்.