வாரம் ஒரு பீரியட் யூடியூப் பார்ப்பது பாடமா?

கோத்தகிரி வாத்தியார்:
ஏழாம் வகுப்பில் வாரம் ஒரு பீரியட் ஒரு வீடியோவைப் போட்டு, யார் எடுத்தது, யாரைப் பேசவிடவில்லை என்று அக்கக்காகப் பிரித்துப் பேசுகிறோம். பெற்றோர் கூட்டத்தில் இதற்குப் பலத்த எதிர்ப்பு. என் வகுப்பில் படுகர், இருளர் வீட்டுப் பிள்ளைகள், சிலோனிலிருந்து திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள், எஸ்டேட் வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் மூன்று பேர். ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்ததெல்லாம் போன் சொன்னதுதான். உங்கள் கருத்து?

குன்னூர் அப்பா:
வேண்டாம் சார். என் பையன் தமிழ்ப் பாடத்தையே தடுமாறித்தான் வாசிக்கிறான். வீட்டில் போனைப் பிடுங்கி வைப்பதே பெரும்பாடு. ஜார்க்கண்ட் பையனைத் தெரிந்துகொள்ள வீடியோ எதற்கு, பக்கத்து பெஞ்சில்தானே இருக்கிறான்? ஒரே கிரிக்கெட் டீமில் போடுங்கள், சரியாகிவிடும்.

கோத்தகிரி வாத்தியார்:
போட்டுப் பார்த்தாயிற்று. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்காரர்களை அடிக்கிறார்கள் என்று சம்பந்தமே இல்லாத பழைய சண்டைக் காட்சிகளைச் சுற்றவிட்டார்களே, அந்த வாரம் எங்கள் ஓப்பனிங் பேட்ஸ்மேனான ஜார்க்கண்ட் பையனை வீட்டிலிருந்தே அனுப்பவில்லை. 2018ல் நிலைமை தலைகீழ். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள். அதே வருடம் கண்ணூரில் அரசுப் பள்ளிகளிலேயே பொய்ச் செய்தியை அடையாளம் காண வகுப்பு நடத்தினார்கள்.

கூடலூர் செல்வி:
நான் சிலோன் வம்சம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் தாத்தா வந்தார். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயையே ஆரம்பித்தார்கள். என்னை ‘சிலோன்காரி’ என்று கேலி செய்தபோது ஊரில் டிவிகூட இல்லை. வெறுப்புக்கு வீடியோ வேண்டியதில்லை சார்.

மந்துக்காரி:
நான் தோடர், நீலகிரிப் பழங்குடி. மந்து என்றால் எங்கள் குடியிருப்பு. எங்களைப் பற்றி எந்த வீடியோ போட்டீர்கள்?

கோத்தகிரி வாத்தியார்:
ஒரு டிராவல் வீடியோ. முதலில் சத்தத்தை அணைத்து ஓட்டினேன். ஒரு பாட்டி துணியின் இழையை எண்ணி எண்ணித் தைத்துக்கொண்டே ஏதோ சொல்கிறார். பிறகு சத்தம் வைத்தால், அவர் குரலுக்கு மேலே ‘மர்மப் பழங்குடி’ என்று ஒருவர் கத்துகிறார், பின்னால் டமடமவென்று மேளம். ஒரு பெண் கேட்டாள், “சார், பாட்டி என்ன சொல்லுது?” எனக்குத் தெரியவில்லை.

மந்துக்காரி:
அதுதான் என் சண்டை. தெரியாதவர் எடுத்ததைத் தெரியாத இன்னொருவர் விளக்குகிறீர்கள். நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் பெயரில் 1873ல் போட்டோக்களோடு புத்தகம் வந்ததிலிருந்து இதே கதை. இன்றும் வளைந்த கூரைக் குடிலைத்தான் தேடிப் போய் எடுக்கிறார்கள். நாங்கள் இருப்பது கான்கிரீட் வீட்டில். பழைய தமிழ் பேசுகிறோமாம்! தோடா தனி மொழி, தமிழுக்கு உறவு, அவ்வளவுதான். வீடியோவில் குற்றம் கண்டுபிடித்தால் பிள்ளைகளுக்கு வீடியோக்காரரைத்தான் தெரியும். எங்களைத் தெரியாது.

குன்னூர் அப்பா:
இதைத்தானே நானும் சொன்னேன்!

மந்துக்காரி:
இல்லை அண்ணா, நீங்கள் சொன்னது கிரிக்கெட். எங்கள் மந்திலிருந்து உங்கள் கிரவுண்டுக்கு யாரும் வரப்போவதில்லை, போன் மட்டும்தான் வரும். வாத்தியார் சார், வகுப்பை நிறுத்த வேண்டாம். அந்த லிங்கை அனுப்புங்கள்.

கோத்தகிரி வாத்தியார்:
அனுப்பிவிட்டேன்.

மந்துக்காரி:
ஹெட்போன் போட்டு நாலு தடவை கேட்டேன். மேளத்துக்கு நடுவில் கொஞ்சம்தான் பிடிபடுகிறது. “கறுப்பு நூல் தீர்ந்துபோச்சு, உள்ளே இருந்து எடுத்துட்டு வா.” பேத்தியிடம் சொல்கிறார் போல.

குன்னூர் அப்பா:
இந்த மர்மத்துக்கா ஒரு பீரியட்! சிரித்துவிட்டேன் தங்கச்சி. சரி, நடத்துங்கள் சார். தமிழ் பீரியடில் மட்டும் கை வைக்காதீர்கள்.