வாழ்க்கைச் சமநிலை வினாத்தாள்: மறுசோதனையில் மதிப்பெண் ஏன் இப்படி ஆடுகிறது?

கேள்வி:
ஆக்குபேஷனல் தெரபி முதுநிலை மாணவி நான். அன்றாட வேலைகளுக்கிடையே உள்ள சமநிலையை அளக்க ஸ்வீடனில் உருவான ஓபிக்யூ11 வினாத்தாளைத் தமிழாக்கி, திண்டிவனம் பக்கம் வீட்டையும் வயலையும் சேர்த்துப் பார்க்கும் பெண்களிடம் சோதிக்கிறேன். 11 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 33. முதல் சுற்று மார்கழிக் கடைசியில். இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களிடம் போனால், ஓய்வு, தூக்கம் பற்றிய கூற்றில் மதிப்பெண் தலைகீழ். தமிழாக்கம்தான் கோளாறா?

பதில் 1:
நடுவில் பொங்கல் வந்ததே, அம்மா! அறுவடை, விருந்தாளி, வெள்ளையடிப்பு. மாறியது அவர்கள் வாழ்க்கை, வினாத்தாள் அல்ல. மறுசோதனைக்கு அடிப்படையே நிலைமை மாறாமல் இருப்பதுதான். இரண்டாம் சுற்றில் 'போன தடவைக்கு இப்போது உங்கள் அன்றாடம் மாறியிருக்கிறதா?' என்று தனியாகக் கேளுங்கள். இல்லை என்றவர்களை மட்டும் வைத்து ஐசிசி, அதாவது இரண்டு சுற்று மதிப்பெண்ணும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் எண், போடுங்கள். 0.70க்கு மேல் வந்தால் போதும். 50 பேராவது தேறணும்.

பதில் 2:
க்ரோன்பாக் ஆல்ஃபா நன்றாக வந்தால் விட்டுவிடலாமே?

பதில் 1:
கூடாது. ஆல்ஃபா சொல்வது கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை. காலம் கடந்தும் நிலைக்குமா என்பது வேறு விஷயம்.

பதில் 3:
கேட்கும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றும் குறித்துவையுங்கள். மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் எந்த மருமகள் 'எனக்கென்று நேரமே இல்லை' என்பாள்? எல்லாவற்றுக்கும் 3 போட்டுவிடுவாள். 15 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு உச்ச மதிப்பெண் வந்தால் அதுவே தனிச் சிக்கல்.

கேட்டவர்:
சரி, மாசி பிறந்ததும் இரண்டு சுற்றையும் புதிதாக வைக்கிறேன். திண்ணை விஷயம் உண்மைதான், சில வீடுகளில் மாமியாரே பதில் சொன்னார்!