புதுப்பிப்பு: கொடைக்கானல் போய் கோல்ஃப் ஆடிட்டு வந்தாச்சு

ரெண்டு நாள் லீவுல கோல்ஃப் ஆட ஊட்டி போறதா கொடைக்கானலானு போன மாசம் கேட்டிருந்தேன்ல, நிறைய பேர் கொடைக்கானல்னு சொன்னீங்க, ரொம்ப நன்றி, நானும் மச்சானும் நேத்து ராத்திரிதான் பெங்களூரு திரும்பினோம்.

கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895ல ஆரம்பிச்சது, 18 ஹோல் (பந்தைப் போட வேண்டிய குழி), கோர்ஸ் (மைதானம்) மலைச்சரிவு மேலேயே போகுது, ரெண்டு காலையும் மட்டமா வச்சு அடிக்க எனக்குக் கிடைச்ச இடம் ரொம்ப கம்மி. பந்து காலுக்கு மேல நின்னா இடது பக்கம் இழுக்கும் சார், மட்டையை கொஞ்சம் கீழ இறக்கிப் பிடிச்சு வலது பக்கம் பாத்து அடிங்கனு எங்க கேடி (கூடவே வந்து மட்டைப் பையைத் தூக்கி யோசனை சொல்றவர்) அண்ணன் சொன்னாரு, அதுக்கப்புறம்தான் பந்து கிரீன்ல (குழியைச் சுத்தி ஒட்ட வெட்டின புல்தரை) விழுந்துச்சு. அந்த மனுஷன் இல்லாம இந்த கோர்ஸ் ஆடவே கூடாது.

இன்னொண்ணு, உயரம். பெங்களூரு சுமார் 900 மீட்டர், கொடைக்கானல் 2,100 கிட்ட, காத்து லேசு. இங்க 140 யார்டு போற என் 7 அயர்ன் (இரும்புத் தலை வச்ச மட்டை) அடி அங்க வெயில் ஏறினதும் கிரீனைத் தாண்டிடுச்சு, காலைக் குளிர்ல மட்டும் அவ்வளவு போகல.

அப்புறம் காட்டெருமை! நாலு, ஃபேர்வே (கிரீனுக்குப் போற புல்வெளிப் பாதை) ஓரமா மேஞ்சுட்டு இருந்துச்சு, அதுங்க போற வரைக்கும் அசையாம நின்னோம். கிரீன்ல என் பட் (குழியைப் பாத்து மெதுவா உருட்டுற அடி) போற வழியில ஒரு குளம்புத் தடம், உள்ள பனித்தண்ணி தேங்கி நிக்குது. 2019ல வந்த கோல்ஃப் ரூல்ஸ்படி கிரீன்ல மிருகத்தோட கால்தடத்தை சரி பண்ணிட்டு ஆடலாம், அப்படியே பண்ணேன்.

ஷூ கேட்டவங்களுக்கு: அடியில ஸ்பைக் (முள்ளு) வச்சதே எடுத்துட்டுப் போங்க, காலைல புல்லு வழுக்குது.