பணிபுரியும் பெண்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழுவை எப்படித் தொடங்குவது?

கேள்வி – கட்டமைப்புப் பொறியாளர், கிண்டி

அனைவருக்கும் வணக்கம். நான் 14 ஆண்டுகளாகக் கட்டட வடிவமைப்புத் துறையில் பணியாற்றுகிறேன். திட்ட மேலாளர் பதவிக்கு என் பெயர் இரண்டு முறை பரிசீலிக்கப்பட்டு, 'சைட் அனுபவம் போதாது' என்று ஒதுக்கப்பட்டது. இரவில் கான்கிரீட் போடும் நாட்களில், "உங்களுக்கு எதற்கு மேடம் இந்தச் சிரமம்?" என்று என்னை அனுப்பாமல் விட்டவர்களே அந்தக் குறிப்பையும் எழுதினார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. வேறு அலுவலகங்களில் இருக்கும் நான்கு தோழிகளிடம் இதைச் சொன்னபோது, அவர்களில் மூவருக்கு இதே நேர்ந்திருப்பது தெரிய வந்தது.

நாங்கள் ஐவரும் சேர்ந்து ஒரு குழுவைத் தொடங்க விரும்புகிறோம். முதலிலேயே பதிவு செய்துவிட வேண்டுமா? பிறந்தநாள் வாழ்த்தோடு நின்றுபோகும் வாட்ஸ்அப் குழுவாக இது ஆகிவிடாமல் எப்படிக் காப்பது?

மறுமொழி 1 – ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, மயிலாப்பூர்

பதிவுக்கு அவசரம் வேண்டாம் அம்மா. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி பதிவு செய்வதற்கே குறைந்தது ஏழு பேர் வேண்டும். பொதுப் பணம் சேரத் தொடங்கும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம். கோரிக்கை ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. 1917-இல் அடையாற்றில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தைச் சேர்ந்த பெண்கள், அதே ஆண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடுவின் தலைமையில் சென்னையில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டார்கள். 1921-இல் சென்னை மாகாணம் அதை வழங்கியது.

எங்கள் காலத்தில் வங்கியில் பதவி உயர்வு என்றால் வெளியூர் மாற்றலும் கூடவே வரும். அதற்கு அஞ்சி, உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பெண்கள் பலர். நாங்கள் ஆறு பேர் மதிய உணவு இடைவேளையில் ஒன்றாக அமர்ந்து தேர்வுக்குப் படித்தோம். முதலில் மாற்றலாகிப் போனவர், அடுத்து வருபவருக்கு வீடும் குழந்தைக்குப் பள்ளியும் பார்த்து வைத்தார். அந்தத் துணை இல்லாதிருந்தால் நான் எழுத்தராகவே ஓய்வு பெற்றிருப்பேன்.

மறுமொழி 2 – மென்பொருள் குழுத் தலைவர், சோழிங்கநல்லூர்

நாங்கள் ஒன்பது பேர் மூன்று ஆண்டுகளாக மாதம் ஒருமுறை சந்திக்கிறோம். தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தம் மனக்குறையைச் சொல்வதும் மற்றவர்கள் ஆறுதல் கூறுவதுமாகவே நேரம் கழிந்தது. ஆறுதலும் தேவைதான், ஆனால் அதை மட்டும் நம்பி ஆறாவது மாதம் யாரும் வர மாட்டார்கள். ஒருநாள், ஆண்டு மதிப்பீட்டுக்காக ஒரு தோழி எழுதி வைத்திருந்த படிவத்தை உரக்க வாசிக்கச் சொன்னோம். இரண்டு பக்கங்களில் 'நாங்கள் முடித்தோம்', 'எங்கள் குழு சரிசெய்தது' என்று பதினொரு இடங்களில் எழுதியிருந்தார். இரவு முழுவதும் விழித்திருந்து பழுதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டோம், "நான்தான்" என்றார். பேனாவை அவர் கையில் கொடுத்து, ஒவ்வொன்றாக 'நான்' என்று திருத்த வைத்தோம். நான்காவது திருத்தத்தில் அவர் கை தயங்கியதை இன்றும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து யாருடைய படிவமும் எங்கள் கூட்டத்தில் வாசிக்கப்படாமல் அலுவலகத்துக்குப் போவதில்லை.

சம்பளத்தையும் வெளிப்படையாகப் பேசுங்கள். எவ்வளவு கேட்கலாம் என்பதே தெரியாமல்தான் நம்மில் பெரும்பாலோர் குறைவாகக் கேட்கிறோம். மகப்பேறு விடுப்பு 2017-இலேயே 26 வாரங்களாக உயர்த்தப்பட்டுவிட்டது. விடுப்பு முடிந்து திரும்புபவரின் மதிப்பீடு சரிந்தால் என்ன செய்வது என்பதைத்தான் நாம் ஒன்றுகூடிப் பேச வேண்டியிருக்கிறது.

மறுமொழி 3 – இளநிலைப் பொறியாளர், வேளச்சேரி

நான் திருநெல்வேலியிலிருந்து வந்து மகளிர் விடுதியில் தங்கியிருக்கிறேன். பணியிடப் பெண்களுக்கான கூட்டம் ஒன்றுக்குச் சென்றபோது, நட்சத்திர ஓட்டலில் நுழைவுக் கட்டணமும் முழுக்க ஆங்கிலப் பேச்சுமாக இருந்ததால் வாய் திறக்காமலே திரும்பினேன். உங்கள் குழு தமிழில் பேசட்டும். விடுதிக் கதவு அடைக்கும் நேரத்துக்கு முன் முடியட்டும்.

அக்கா, உங்கள் துறையில் இதற்கு வழி காட்டியவர்கள் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலேயே இருந்தார்கள். 1940-களில் லலிதா, லீலாம்மா, திரேசியா ஆகிய மூவரும் அங்கே ஒன்றாகப் படித்தார்கள். அவர்களில் திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். சைட்டுக்குப் பெண்கள் சரிப்பட மாட்டார்கள் என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிறு காலை பத்து மணிக்கு என் வீட்டு மொட்டைமாடியில், தமிழில், கட்டணமின்றிக் கூடுகிறோம். அடுத்த கான்கிரீட் பணிக்கு என்னை அனுப்ப வேண்டும் என்று எழுத்துமூலமாகக் கேட்கும் கடிதத்தை வரைந்துவிட்டேன். முதல் கூட்டத்தில் வாசிக்கப்படுவது அதுதான். வேளச்சேரித் தங்கை அவசியம் வர வேண்டும்.